பழைய அச்சுப்பொறியைக் கைவிட வேண்டாம்

(ஒகேனக்கல்லில் ஊராட்சிப் பணியாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அருவியின் ஓசை கேட்கும் இடத்தில் நின்றுகொண்டு அச்சுப்பொறியைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். புகை எழும் பாறை என்று கன்னட மொழியில் பெயர் பெற்ற இவ்வூருக்கு வெளியூர் மக்கள் வருவது காவிரியைக் காண்பதற்கே. ஆயினும் இங்கேயே வாழ்பவர்களுக்கும், ஊட்டமலை முதலிய அக்கம்பக்கத்துச் சிற்றூர்களில் வாழ்பவர்களுக்கும் தண்ணீரைப் போலவே காகிதமும் தேவையாயிருக்கிறது. சிட்டா நகல், அடங்கல், வரி ரசீது, சாதிச் சான்று, பயிர்க் காப்பீட்டு ரசீது, பால் சங்கச் சீட்டு ஆகிய யாவும் இன்று கணினியிலிருந்தே பிறக்கின்றன. திரையில் தெரிந்ததைக் கையில் கொடுப்பது அச்சுப்பொறி. பிரிண்டர் என்று அலுவலகங்களில் வழங்குவது இதுவே. அது நின்றுவிட்டால், மற்றவை எல்லாம் ஓடினாலும், வந்தவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். எந்த ஊர் அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். அங்கே மூன்று கணினிகள் இருந்தன. ஒரு கணினியோடு மட்டும் ஒரு லேசர் அச்சுப்பொறி கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. மூலையில் சாக்குத் துணியால் மூடப்பட்டு இரண்டு பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகள் கிடந்தன. அன்று காலை, அச்சுப்பொறி இணைந்திருந்த அந்தக் கணினி எழும்பவில்லை. நிலக்கடலை பயிரிட்டிருந்த முதியவர் ஒருவர், காப்பீட்டு விண்ணப்பத்தோடு வைப்பதற்கு அடங்கல் நகல் வேண்டி வரிசையில் நின்றார். விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். மற்ற இரண்டு கணினிகளிலும் அவருடைய அடங்கல் திரையில் தெளிவாகத் தெரிந்தது. "பிரிண்டர் வேலை செய்யவில்லை ஐயா, டவுனுக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் மாலைக்குள் திரும்பி வந்து விண்ணப்பத்தைச் சேர்த்தாரா என்பதை நான் அறியேன். தவறியிருந்தால், அந்தப் பருவத்தில் மழை பொய்த்தால் அவருக்குக் காப்பு இல்லை.

அச்சுப்பொறிக்கு அன்று எந்தக் குறையும் இல்லை. அதைக் கட்டி வைத்திருந்த கணினிக்கே குறை. மூலையில் கிடந்த இரண்டுக்கும்கூடக் குறை இல்லை என்பதைப் பிறகு சாக்கை விலக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நன்றாயிருந்த மூன்று யந்திரங்கள் அங்கே இருந்தும் ஒரு தாளை அச்சிட முடியவில்லை. இது ஏன் நேர்ந்தது என்பதையும், அதிகச் செலவின்றி இதை நீக்கும் வழியையும் சொல்லவே நான் இங்கு வந்திருக்கிறேன்.

பழைய அச்சுப்பொறி ஒரே ஒரு கணினியோடு பேசுவதற்கென்று செய்யப்பட்டது. 1970ஆம் ஆண்டில் சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் அச்சுப்பொறிக்கென வகுத்த இணைப்பு முறையே பிற்காலத்தில் உலகெங்கும் பரவிற்று. அச்சுப்பொறியின் பக்கம் 36 முனைகள். 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் பக்கம் 25 முனைகள். பேரலல் போர்ட் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அந்தக் கம்பி சில மீட்டர் நீளத்துக்கு மேல் போனால் எழுத்துக்கள் சிதையத் தொடங்கும். 1996இல் யு.எஸ்.பி. என்ற முறை வந்தபின் புதிய கணினிகளில் பழைய துளையை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். துளை போனதும் அச்சுப்பொறி அநாதையாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் அதன் பாஷையை அறிந்த ஒரு மென்பொருள் கணினியில் இருக்கவேண்டும். டிரைவர் என்று அதற்குப் பெயர். கணினியின் இயங்குதளம் மாறும்போது பழைய டிரைவர் உதவாமற்போகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது. நம் மாநிலத்து அலுவலகங்களுக்கு அப்போது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பரிந்துரைக்கப்பட்டது. இதுபோன்ற மாறுதல்களின்போது, இயங்கிக்கொண்டிருந்த அச்சுப்பொறிகள் பல "ஒத்துவரவில்லை" என்ற ஒரே சொல்லால் மூலைக்குப் போயின. ஒத்துவரச் செய்ய வழியுண்டா என்று கேட்டவர்கள் சிலரே.

நிற்க. தின் கிளையன்ட் என்ற சொல்லைச் சிலர் கேட்டிருப்பீர்கள். அது ஒரு மெலிந்த கணினி. கையகலப் பெட்டி, பெரும்பாலும் உள்ளே சுழலும் வட்டு இல்லை, விசிறியும் இல்லை. மின்சாரம் சுமார் 10 முதல் 20 வாட் வரையே கொள்ளும். வேலை எல்லாம் வேறோர் அறையில் உள்ள பெரிய கணினியில் நடக்க, இது திரையையும் தட்டச்சுப் பலகையையும் மட்டும் தாங்கி நிற்கும். இக்கருத்து நமக்கு அந்நியமன்று. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர் தொடர்புகொண்டிருந்த நோவாட்டியம் என்ற சென்னை நிறுவனம், 2000க்குப் பிந்திய பத்தாண்டில் இவ்வகைக் கணினியை எளிய குடும்பங்களுக்குக் கொண்டுபோக முயன்றது. அதற்கும் முன்பே, 2001 முதல், மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் அக்கழகத்தின் உதவியோடு இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்கே கணினியோடு ஓர் அச்சுப்பொறியும் வைக்கப்பட்டது. கிராமத்தில் கணினி பயன்பட வேண்டுமானால் காகிதம் வெளியே வரவேண்டும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

நகரத்து அலுவலகங்களும் வங்கிகளும் தங்கள் பழைய தின் கிளையன்டுகளைக் கழித்துவிடும்போது அவை குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் பேரலல் போர்ட் இன்னும் இருக்கிறது. இதுவே நமக்கு வேண்டுவது.

இனி முறையைச் சொல்கிறேன். பழைய அச்சுப்பொறியைத் தின் கிளையன்டின் பின்புறத்தில் செருகுங்கள். தின் கிளையன்டை அலுவலகத்தின் நெட்வொர்க் கம்பியில் இணையுங்கள். அதில் பி910என்டி என்ற சிறிய நிரலை ஓடவிடுங்கள். கென் யாப் என்பவர் எழுதி இலவசமாக அளித்த நிரல் இது. சில பத்துக் கிலோபைட் அளவே இருக்கும். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடம் கொள்ளும். இவ்வாறு அச்சு வேலையை வாங்கி அச்சுப்பொறியிடம் சேர்க்கும் ஏற்பாட்டைப் பிரிண்ட் சர்வர் என்பார்கள். இது முடிந்தால் அலுவலகத்தின் எந்தக் கணினியிலிருந்தும் அந்த அச்சுப்பொறிக்குத் தாள் அனுப்பலாம். ஒரு கணினி கெட்டாலும் மற்றொன்று அச்சிடும். நெட்வொர்க் கம்பி நூறு மீட்டர் வரை போகும். ஆகவே அச்சுப்பொறியை மக்கள் நிற்கும் முன்கூடத்திலும் கணினியைப் பின்னறையிலும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிறு நிரல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒகேனக்கல் மக்களுக்கு விளக்குவது எளிது. பரிசல்காரர் என்ன செய்கிறார்? துறையில் ஏறியவரை அக்கரையில் இறக்குகிறார். மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று அவிழ்த்துப் பார்ப்பதில்லை. கிடங்கு கட்டிச் சேர்த்து வைப்பதும் இல்லை. ஒரு சவாரி முடியும்வரை அடுத்தவர் கரையில் காத்திருக்கவேண்டும். பி910என்டியும் இப்படியே. நெட்வொர்க்கின் 9100ஆம் எண் வாயிலில் வந்த எழுத்துக்களை அப்படியே அச்சுப்பொறிக்குள் ஊற்றிவிடுகிறது. இரண்டாவது அச்சுப்பொறி இருந்தால் அதற்கு 9101ஆம் வாயில். வட்டில் எதையும் சேமிப்பதில்லை என்பதால் வட்டில்லாத பெட்டியிலும் அது ஓடும். 9100 என்ற எண் எச்.பி. நிறுவனத்தின் ஜெட்டைரக்ட் கருவியால் வழக்கத்துக்கு வந்தது. அதனால் விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் இவ்வாயில் பழக்கமானதே.

அப்படியானால் கிடங்கு யாருடையது? வரிசை வைப்பது யார்? அந்த வேலை பெரிய கணினிக்கு உரியது. லினக்ஸ் கணினிகளில் கப்ஸ் என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதி 1999இல் வெளிவந்தது அது. பலர் அனுப்பும் வேலைகளை வாங்கி, அச்சுப்பொறியின் பாஷைக்கு மாற்றி, ஒவ்வொன்றாகப் பரிசலில் ஏற்றிவிடும். டிரைவரும் அங்கேயே இருக்கும். தின் கிளையன்ட் எதையும் அறியவேண்டியதில்லை; ஆகவே பத்து அல்லது பதினைந்து ஆண்டுப் பழைய பெட்டி போதும். தின் கிளையன்டே கிடைக்கவில்லை என்றால், யு.எஸ்.பி. துளையுள்ள சில வகை வைஃபை ரௌட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச இயங்குதளத்தை இட்டு, இதே நிரலை அதில் ஓட்டலாம். பழைய அச்சுப்பொறிக்குப் பேரலல் முனையும் கணினிக்கு யு.எஸ்.பி. முனையும் உள்ள மாற்றுக் கம்பி கடைகளில் கிடைக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் யந்திரங்களுக்கு அது பெரும்பாலும் போதும்.

எல்லா அச்சுப்பொறிக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தாது. ஏமாற்றம் நேர்வது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டாட் மேட்ரிக்ஸ் மிகவும் நல்லது. எப்சன், டி.வி.எஸ். முதலிய பெயர்களில் நம் நாட்டில் பரவியுள்ள யந்திரங்களில் பெரும்பாலானவை எப்சன் பாஷையை அறியும். ஊசி நாடாவில் தட்டி எழுதுவதால் கார்பன் வைத்து ரசீதும் அடிக்கட்டையும் ஒரே அடியில் எடுக்கலாம். லேசரால் அது முடியாது. நாடா விலையும் குறைவு. அருவிச் சாரலால் இவ்வூரில் காகிதம் சற்று நமத்துப்போவதை நீங்கள் அறிவீர்கள். நமத்த தாளை லேசர் யந்திரம் மடக்கிச் சிக்கவைத்துவிடும். ஓரத்தில் துளையிட்ட தொடர்தாளை ஊசி யந்திரம் அதிகம் முணுமுணுக்காமல் இழுத்துக்கொள்ளும். சத்தம் மட்டும் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே.

பழைய லேசர்களில், தாமே பக்கத்தை அமைத்துக்கொள்ளும் திறமையுள்ள கனத்த யந்திரங்கள் நன்றாக ஒத்துவரும். பிற்பாடு மலிவாக வந்த சிறு லேசர்களில்தான் தொல்லை. நம் நாட்டில் மிகுதியாக விற்ற எச்.பி. லேசர்ஜெட் 1020 ஓர் உதாரணம். அதைக் கெட்ட யந்திரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அதன் உள்மென்பொருளைக் கணினி மறுபடி ஊட்டவேண்டும். ஊட்டாவிட்டால் பரிசல் எத்தனை சவாரி போனாலும் அக்கரையில் ஆள் இராது. மின்சாரம் வந்தவுடன் அதை ஊட்டிவிடுமாறு தின் கிளையன்டிலேயே ஒரு சிறு ஏற்பாடு செய்து வைக்கலாம். கேனன் எல்.பி.பி. 2900 வேறு விதம். அது வேலையின் நடுவே கணினியோடு கேள்வியும் பதிலுமாகப் பேசும் இயல்புடையது. ஒரு திசையில் மட்டும் ஏற்றிச்செல்லும் எளிய ஏற்பாட்டில் அது இணங்காது. அதை முழு மென்பொருள் உள்ள கணினியோடேயே விட்டுவைப்பது நலம்.

மை தெளிக்கும் இங்க்ஜெட் பழையதாயிருந்தால், என் கருத்தில் அதற்காகப் பாடுபட வேண்டாம். பல மாதம் கிடந்ததில் மை உலர்ந்து துளை அடைந்திருக்கும். புதிய மையின் விலை யந்திரத்தின் விலையை எட்டும்.

தமிழில் அச்சிடுவதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். டாட் மேட்ரிக்ஸ் யந்திரத்துக்குள் ஆங்கில எழுத்து பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்து பொதுவாக இல்லை. ஒரு வரிக்கு 80 எழுத்தாக 66 வரி கொண்ட ஆங்கிலப் பக்கத்துக்கு 5,280 பைட் அனுப்பினால் போதும். தமிழை எழுத்தாக அனுப்ப முடியாததால், பக்கம் முழுவதையும் புள்ளிகளால் ஆன படமாகக் கணினி அனுப்புகிறது. 24 ஊசி யந்திரத்தில் அங்குலத்துக்கு 180 புள்ளி. 8 அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் கொண்ட பக்கத்துக்கு 28 லட்சத்து 51 ஆயிரத்து 200 புள்ளி. பைட் கணக்கில் 3,56,400. ஆங்கிலப் பக்கத்தைப்போல் 67 மடங்குக்கு மேல். நெட்வொர்க் கம்பிக்கு இது பொருட்டன்று. ஒரு நொடிக்குள் போய்விடும். ஊசிகள் அத்தனையையும் தட்டி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். "தமிழில் போட்டால் பிரிண்டர் மெதுவாகிவிட்டது, கெட்டுவிட்டது" என்று புகார் வந்தால் காரணம் இதுவே. வேலைகளை இதற்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும். வரி ரசீது, பால் சீட்டு போன்ற சிறு தாள்கள் ஊசி யந்திரத்துக்கும், பல பக்கத் தமிழ்த் தீர்மானங்கள் லேசருக்கும் போகட்டும். கூத்தப்பாடி போன்ற பெரிய ஊராட்சியில் இரண்டுமே தேவைப்படும்.

செய்முறையில் நான் பட்ட அநுபவத்தால் சில குறிப்புகள். கணினியில் கை வைப்பதற்கு முன் அச்சுப்பொறியைத் தனியே சோதியுங்கள். பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் யந்திரங்களில், தாளை நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் அது தானாகவே எழுத்துக்களை அச்சிட்டுக் காட்டும். இங்கே எழுத்து விடுபட்டால் குறை ஊசியிலோ நாடாவிலோ இருக்கிறது. எந்த மென்பொருளாலும் தீராது. நான் ஒரு முறை இதைச் செய்யாமல் ஒரு பகல் முழுவதும் தின் கிளையன்டோடு மல்லாடி, மாலையில் நாடா அறுந்திருப்பதைக் கண்டேன். அடுத்ததாக, தின் கிளையன்டுக்கு நெட்வொர்க்கில் மாறாத முகவரி ஒன்றைக் கொடுங்கள். தினமும் முகவரி மாறினால் கணினிகள் அதைத் தேடி அலையும். அந்த முகவரியையும் வாயில் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி அச்சுப்பொறியின்மேல் ஒட்டிவிடுங்கள். ஏற்பாட்டைச் செய்த இளைஞர் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அட்டை இருக்கும். பல அலுவலகங்களில் நல்ல ஏற்பாடுகள் செத்துப்போவது, அவற்றைச் செய்தவர் மாற்றலாகிப் போனதால்தான்.

தாள் தீர்ந்துவிட்டால் இச்சிறு நிரல் அதைத் திரையில் அறிவிக்காது. வேலை வெறுமனே நின்றுகொண்டிருக்கும். ஆகவே நின்றுபோனால் முதலில் தாளைப் பாருங்கள். அதற்குள் பத்துமுறை அச்சுக்கட்டளை கொடுத்தால் தாள் வைத்தவுடன் பத்து நகல் வரும்.

எச்சரிக்கை ஒன்று கட்டாயம் சொல்லவேண்டும். பரிசல்காரர் யாரையும் பெயர் கேட்பதில்லை என்றேன். 9100ஆம் வாயிலும் கேட்பதில்லை. நெட்வொர்க்கில் உள்ள எவரும் தாள் அனுப்பலாம். அலுவலகத்துக்குள் இது வசதி. அந்த வாயில் இணையத்தை நோக்கித் திறந்திருந்தால் ஆபத்து. 2017 பிப்ரவரியில் ஒருவர், உலகெங்கும் இவ்வாறு திறந்து கிடந்த பல்லாயிரம் அச்சுப்பொறிகளில் தம் வேடிக்கைச் செய்தியை அச்சிட்டுக் காட்டினார். வேடிக்கையோடு போயிற்று. நம் அலுவலகத்தில் அச்சாவது மக்களின் நில விவரமும் ஆதார் எண்ணும் ஆகும். ஆதலால் ரௌட்டரில் அவ்வாயிலை வெளிப்பக்கம் மூடிவைக்கச் சொல்லுங்கள். பயணிகளுக்கென்று இலவச வைஃபை கொடுக்கும் இடங்களில் அலுவலகக் கம்பியையும் அதையும் ஒன்றாக்காதீர்கள். அச்சடித்த தாள் முன்கூடத்தில் கேட்பாரற்றுக் கிடப்பதும் இதே வகைத் தவறுதான். அதைத் தடுக்க ஆள் வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அச்சுப்பொறி உங்களிடம் இருக்கிறது, நிரல் இலவசம், வாங்கவேண்டியது கழித்துவிடப்பட்ட ஒரு பெட்டியும் ஒரு கம்பியும். புதிதாக வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யந்திரத் தலை தேய்ந்து, உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை என்றால் பழையதை விட்டுவிட வேண்டியதுதான். அப்போதும் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் அச்சுப்பொறியும் அடங்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேரவேண்டும். உடைத்து எரித்தால் அதன் நஞ்சு மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கும். ஃபுளோரைடு கலந்த நீரால் பற்களும் எலும்பும் கெட்ட குடும்பங்கள் உள்ள மாவட்டம் இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. நீரின் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இருப்புப் பதிவேட்டில் "பழுது" என்று எழுதுவதற்கு முன், அது எதனால் பழுது என்று ஒரு வரி சேர்த்து எழுதும் வழக்கத்தை உங்கள் அலுவலகத்தில் கொண்டுவாருங்கள். அச்சுப்பொறியே பழுதா, கணினியில் துளை இல்லையா, டிரைவர் இல்லையா என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். பின்னிரண்டும் பழுதே அல்ல என்பதை இப்போது அறிந்துகொண்டீர்கள். இவ்வேலைக்கு வெளியூர் நிபுணரும் வேண்டியதில்லை. லினக்ஸ் பழகிய பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் அரைநாளில் செய்துவிடுவார். தருமபுரியிலும் சுற்றுப்புறத்திலும் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

பேச்சு போதும். இம்மேசையின்மேல் ஒரு பழைய 9 ஊசி யந்திரமும், கையகலத் தின் கிளையன்ட் ஒன்றும் வைத்திருக்கிறேன். காலையில்தான் நாடா மாற்றினேன். அதோ, அந்தக் கோடியில் உள்ள கணினியிலிருந்தும் இந்தப் பக்கத்துக் கணினியிலிருந்தும் மாறி மாறி ரசீது அனுப்பிக் காட்டுகிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னே வரலாம். உங்கள் அலுவலகத்து மூலையில் கிடக்கும் யந்திரத்தின் பெயரும் எண்ணும் தெரிந்தவர்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அது ஒத்துவருமா வராதா என்பதை இங்கேயே பார்த்துச் சொல்கிறேன்.